கோழித் தீனில் கறுவா எண்ணெய்

இன்று கஹவத்தையில் கோழித் தீன் விற்கும் கடையில் நின்றிருந்தேன். எங்கள் தோட்டத்து மாரியாயி, வாங்கிய தீன் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"முதலாளி, ரெண்டு நாளா கோழிங்க இத மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க. முட்டையும் நின்னுருச்சு. அத வித்துத்தானே நாங்க அரிசி வாங்குறோம்."

முகர்ந்து பார்த்தேன். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கிற, கறுவாப்பட்டை மரத்து இலை எண்ணெய். கோழிகளுக்கு நோய் வராது என்று கடை முதலாளியே தீனில் ஊற்றிக் கலந்திருக்கிறார்.

"எவ்வளவு ஊத்துனீங்க?" என்றேன்.

"அளவெல்லாம் இல்ல மாத்தயா, வாசம் வார வரைக்கும்தான். செடியில எடுக்கிறதுதானே, என்ன கெடுதி?"

"அரளியும் செடிதான் முதலாளி. அரைச்சுத் தாரேன், குடிக்கிறீங்களா?" என்றார் மாரியாயி.

கடையே சிரித்தது. முதலாளி எண்ணெய் கலக்காத தீனை நிறுத்துக் கொடுத்தார்.

தீனில் கலக்கிற இந்த எண்ணெய்களுக்கு ஓர் அளவு விதியுங்கள் என்று போன வருடம் மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டேன். "செடிதானே, சட்டம் எதற்கு?" என்று சிரித்தார் அதிகாரி. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. படித்தவன் என்பதால் அவரிடம் அரைமணி நேரம் ஆதாரங்களோடு வாதாடித் தோற்றேன்.

அடுத்த முறை மாரியாயியை அனுப்புவதாக இருக்கிறேன். உங்கள் ஊர் அலுவலகத்துக்கும் தேவையென்றால் சொல்லுங்கள்.