சிவப்பு முதுகு நாய்கள்

நெஜியாவின் தம்பி வெறிநாய் கடித்துச் செத்தவன். அப்படியும் அவள் தெருநாய்களைச் சுடக்கூடாது என்று நகராட்சியில் மேசையைத் தட்டிப் பேசினாள். தலைநகர் துனிசில் கணக்குப் படித்துவிட்டு, எங்கள் கடலோர ஊருக்கே கால்நடைப் பிரிவு வேலைக்குத் திரும்பியவள். வாய் கொஞ்சம் நீளம். நான் அவளுக்குப் பிக்கப் வண்டி ஓட்டுகிறவன்.

"எத்தனை நாய்னு சொல்லு. சில நூறுன்னா வெறிநோய்த் தடுப்பூசிக்கு ஏற்பாடு பண்றேன். ஆயிரக்கணக்குல இருந்தா துப்பாக்கிதான்" என்றார் அதிகாரி சுஹைல்.

ஓடுகிற நாயை எப்படி எண்ணுவது? நான் வாய்விட்டே கேட்டேன்.

"பிடிக்கிற நாய்க்கெல்லாம் முதுகுல சாயம் பூசி விட்ருவோம். அப்புறம் ஒருநாள் தெருத்தெருவா போய்ப் பாப்போம். கண்ணுல படுறதுல பாதிக்குச் சாயம் இருந்தா, நாம பிடிச்சது ஊர் நாய்ல பாதி. புரியுதா லம்ஜத்?" என்றாள் நெஜியா.

"பத்துல ஒண்ணுக்குத்தான் இருந்தா?"

"பிடிச்சதைப் போலப் பத்து மடங்கு ஊர்ல இருக்குன்னு அர்த்தம். பரவாயில்லையே, மண்டையில களிமண் மட்டும் இல்ல!"

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய சமயம். ஆட்டுச் சந்தையில் சிவப்புச் சாயம் மலிவாகக் கிடைத்தது, வாங்கினோம். நூற்றிருபது நாய்களுக்குப் பூசினோம். என் கையில் இரண்டு கடி.

அடுத்த வாரம் எண்ணப் போனோம். நூறு நாய்கள் கண்ணில் பட்டன. சிவப்பு முதுகு நாலே நாலு. நெஜியாவின் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் வேறு தெருக்களிலும் சுற்றினோம், அதே கதைதான்.

"மூவாயிரம்" என்றாள். "பூசினதைப் போல இருபத்தஞ்சு மடங்கு. என்னால நம்ப முடியல. ஆனா நம்பர் பிடிக்கலைன்னு மாத்தி எழுதினா நான் என்ன படிச்சவ?"

எழுதிக் கொடுத்தாள். துப்பாக்கிக்காரர்கள் வந்து, ஒரே இரவில் வேலையை முடித்துவிட்டார்கள்.

காலையில் நாங்கள் போனபோது தெருமுனையில் டிராக்டர் வண்டி நிறையச் செத்த நாய்கள் கிடந்தன. அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. கதவுக்குக் கதவு சிவப்பு முதுகு நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தன. நாய் மூக்கு பட்டாலே துணியைத் துவைக்கப் போடுகிற ஊர் இது!

பொதுக் குளியலறையில் அடுப்பெரிக்கும் ஃபர்ஜானி, ஆறு நாய்களோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"பயப்படாத நெஜியா, உன் நாய்ங்க ஒண்ணுகூடப் போகல! பெருநாள் ஆட்டுக்குப் பூசுற சிவப்பாச்சே. முதுகுல அது விழுந்தா அடுத்தது கத்திதான்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீங்க பூசிட்டுப் போன அன்னிக்கே ஊரே சேந்து உள்ள வச்சுப் பூட்டிட்டோம். தப்பிச்சுச் சுத்துன நாலஞ்சையும் அப்புறம் பிடிச்சுட்டோம்."

நெஜியா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எண்ணப் போன அன்று தெருவில் அவள் தேடிக் கிடைக்காத சிவப்பு முதுகுகளெல்லாம் கண்ணெதிரே நின்றன. வண்டியில் கிடந்தவற்றில் ஒன்றின் முதுகிலும் சாயம் இல்லை.

"மொத்தமே முந்நூறுதான் இருந்திருக்கும்" என்றாள் என்னைப் பார்த்து. பிறகு ஃபர்ஜானியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, மத்ததை ஏன் உள்ள விடல?"

"அதுங்களுக்குத்தான் சாயம் பூசலையே, தங்கச்சி. அதுங்களுக்கு என்ன ஆபத்து வரப்போகுதுன்னு விட்டுட்டோம்."