இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை

பொன்னுச்சாமி அண்ணாச்சி போய்விட்டார். இன்று காலையில் எம். புதுப்பட்டியில், டூட்டிக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான்.

அழுகை வர வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நாங்கள் வேலை பார்த்த பிரஸ்ஸின் மேனேஜர் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார். அண்ணாச்சி போட்டோ, பக்கத்தில் மெழுகுவர்த்தி, 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்' என்று வேறு.

குடும்பமா? நீங்கள் துரத்திவிட்ட ஆள் சார் அவர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவகாசியில் அந்த பிரஸ்ஸில் நான் டிடிபி. அண்ணாச்சிதான் பைண்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டார். நல்ல காலண்டர் சீசனில், கேரளாவில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஆர்டர் வந்தது.

அங்கே யூதர்கள் இருந்த தெருவில், அவர்களுடைய பழைய ஜெபக்கூடத்தை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் டிக்கெட் இல்லாமல் திறந்துவிடப் போகிறார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க, கையால் எழுதிய ஒரு பழைய ஜெப நோட்டை அப்படியே ஸ்கேன் செய்து புத்தகமாகப் போட வேண்டும்.

ஹீப்ரு வலமிருந்து வாசிக்கிற மொழி. அதனால் புத்தகத்தையும் வலது ஓரத்தில்தான் தைக்க வேண்டும். மெயிலிலேயே எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமலே, எல்லாப் புத்தகமும் எப்படியோ அப்படியே போடு, சீசன் நேரத்தில் நொட்டை சொல்லாதே என்றார்.

பைண்டிங்கில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பும் ஜாப் கார்டில் 'இடது' என்று எழுதியது நான். இந்தக் கையால்.

அண்ணாச்சி அந்த மெயிலைப் பார்க்கவில்லை. அந்த எழுத்தில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. அச்சாகி வந்த முதல் தாளை உற்றுப் பார்த்தார். பழைய நோட்டின் நூல் ஓட்டைகள் வலது ஓரத்தில் வரிசையாகத் தெரிந்தன. நேரே மேனேஜர் ரூமுக்குப் போய்விட்டார்.

"சார், இத வலதுல தைக்கணும். புரட்டுன வெரல் அழுக்கு இங்கன இடதுல இருக்கு பாருங்க."

எத்தனாவது வரை படித்திருக்கிறாய் என்று கேட்டு அனுப்பினார் அந்த மகராசன்.

இடது ஓரத்தில் கம்பிப் பின் அடித்து, அட்டை ஒட்டி, முதல் பார்சல் போனது. மறுநாளே ஃபோன் வந்தது. கடைசிப் பக்கம் முன்னால் வருகிறது, விசேஷத்துக்கு நாலே நாள்தான் இருக்கிறது என்று.

முதலாளி வந்து நின்று யார் தப்பு என்றார். மேனேஜர் கூசாமல் பைண்டிங் பக்கம் கையைக் காட்டினார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஜாப் கார்டு என் டிராயரில் இருந்தது. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீ... நானெல்லாம்.

திரும்பி வந்த பார்சலையும் சேர்த்து, எல்லாப் புத்தகத்திலும் அண்ணாச்சி பின்னைப் பிடுங்கி, வலது ஓரத்தில் அடித்து, புது அட்டை ஒட்டிக் கொடுத்தார். முடித்த அன்றைக்கே நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

அதற்குப் பிறகு சிவகாசியில் ஒரு பைண்டிங்கிலும் அவரைச் சேர்க்கவில்லை. 'புத்தகத்தத் திருப்பித் தைச்ச ஆளு' என்று பேர் கட்டிவிட்டார்கள். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். முப்பது வருஷம் பைண்டிங் பார்த்த மனுஷன்!

வேலை போன அந்த வாரமே, மியூசியத்தை ஊருக்குத் திறந்துவிட்ட அன்றைக்கு, இரண்டு பேரும் ரயிலேறிப் போனோம். சும்மாதான் விடுகிறார்கள், வாறியா தாயி என்று அவர்தான் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். வழி முழுக்க வாய் வரவில்லை.

அங்கே மேடையில் நம் மேனேஜர்! மைக்கில் புத்தகத்தைப் புகழ்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், ஐயா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணாச்சியைப் பார்த்தார். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார்.

அண்ணாச்சி அதைச் சட்டை பண்ணவே இல்லை. ஜன்னலோரம் வயசான ஒரு அம்மா புத்தகத்தை வலமிருந்து திறந்து, விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார் அண்ணாச்சி.

"எம்புட்டு லேசாப் புரளுது, பாத்தியா தாயி."

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தில் இரண்டு ஓட்டை, பிடுங்கிய கம்பிப் பின் இருந்த இடம். ஜாப் கார்டும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் போட்டோ எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். எழுத்து என்னுடையது. அடியில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று பிரஸ்காரர்களுக்குத் தெரியும்.

சிவகாசி பைண்டிங்காரர்கள் எல்லோரும் பாருங்கள். தப்பாகத் தைத்தது அவர் இல்லை.

மேனேஜர் சார், அந்த மெழுகுவர்த்தியை எடுங்கள்.

அண்ணாச்சி... நீங்க சொன்ன பக்கந்தான் சரி. அன்னைக்கே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். போயிட்டு வாங்க.