நான் லீவில் இருந்தபோது வந்த பிரிண்டர்

பையன் தவழ ஆரம்பித்த பிறகு நான் மறுபடியும் வேலைக்குப் போனேன். செஞ்சி பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற வரிக் கணக்கு அலுவலகம். அரிசி மில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டி, ஹார்டுவேர் கடை என்று சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டுத் தருவோம். முதலாளியைச் சார் என்போம். எனக்கு மூத்தவர் ஒரு அக்கா, அலுவலகம் தொடங்கிய காலத்திலிருந்து இருப்பவர். மூன்றாவது ஆள் நான். பையனை அண்ணியிடம் விட்டுவிட்டுச் சிங்கவரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துவிடுவேன்.

எல்லோருடைய கணக்கும் சாரின் அறையில் இருக்கும் கணினியில்தான் இருக்கும். அதைச் சர்வர் என்போம். என் கணினியும் அக்காவின் கணினியும் வயர் மூலமாக அதோடு சேர்ந்திருக்கும். நான் திரும்பி வந்த நாளிலிருந்து என் கணினியில் மட்டும் ஒரு கோளாறு. காலையில் கதவைத் திறந்து முதலில் உட்காருவது நான்தான். அப்போது நன்றாக ஓடும். கொஞ்ச நேரம் போனதும் சர்வர் கிடைக்கவில்லை என்று வரும். பாதி ஏற்றிய பில் போய்விடும். திடீரென்று வரும், மறுபடி போகும்.

முதலில் குரங்கின் மேல் சந்தேகப்பட்டோம். எங்கள் ஜன்னலைத் திறந்து வைத்தால் கோட்டைப் பக்கத்துக் குரங்கு உள்ளே வந்து எதையாவது இழுத்துவிட்டுப் போகும். மேசைக்கு அடியில் குனிந்து வயர் முழுக்கத் தடவிப் பார்த்தேன். கடித்த தடம் எதுவும் இல்லை. அக்காவின் வயரை எனக்கும் என் வயரை அவருக்கும் மாற்றிப் போட்டோம். அவருக்கு ஓடியது, எனக்கு ஓடவில்லை. வயர்கள் வந்து சேரும் சின்னப் பெட்டி சுவரில் இருக்கும். அதில் எனக்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. திண்டிவனத்திலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். அவர் காலையில், அக்கா வருவதற்கு முன்பே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எல்லாம் ஒழுங்காக ஓடியது. "நல்லாத்தானே மேடம் இருக்குது" என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லோருடைய பார்வையும் கணினியிலிருந்து என் பக்கம் திரும்பியது.

"புள்ள பொறந்தா கொஞ்சம் மறதி வரும்மா" என்றார் அக்கா. திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். "சேவ் பண்ணாம விட்டுட்டியோ இன்னாவோ. எனக்கும் அப்ப அப்படித்தான் இருந்துது."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்தது. ராத்திரி சரியான தூக்கம் இல்லை. நிஜமாகவே நான்தான் எதையோ தப்பாக அமுக்குகிறேனா என்று ஒவ்வொரு முறையும் விரலைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். வேகம் இன்னும் குறைந்தது.

ரிட்டர்ன் போடும் கடைசித் தேதி நெருங்கியபோது சார் என்னைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு நீ பில்லுங்கள பிரிச்சி மட்டும் வையிமா. என்ட்ரிய அக்கா பாத்துக்கட்டும்."

சரி சார் என்று வந்துவிட்டேன். பில் பிரிப்பது நான் சேர்ந்த புதிதில் செய்த வேலை. அன்று மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிட முடியவில்லை.

மறுநாள் கரண்ட் போனது. பேட்டரியில் கணினிகளும் சுவரில் இருக்கிற அந்த வயர்ப் பெட்டியும் மட்டும் ஓடும். ஃபேன் ஓடாது, பிரிண்டர் ஓடாது. வியர்த்துக்கொண்டு பில் பிரித்தவள், சும்மா என் கணினியைத் தட்டிப் பார்த்தேன். சர்வர் வந்தது. ஒரு பில் ஏற்றினேன், இன்னொன்று ஏற்றினேன். கரண்ட் இல்லாத நேரம் முழுக்க ஒருமுறைகூட நிற்கவில்லை. கரண்ட் வந்தது. மூலையில் பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டு எழுந்தது. சர்வர் போய்விட்டது.

"அக்கா, அந்த பிரிண்டர கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

"எதுக்குடி?"

"பண்ணுங்களேன்."

பண்ணினார். சர்வர் வந்தது. போடச் சொன்னேன். போய்விட்டது. தினமும் காலையில் வந்ததும் அதைப் போடுவது அவர்தான். அக்கா எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இது எப்ப வாங்குனது?" என்று கேட்டேன்.

"நீ லீவுல இருக்கசொல்ல. பழசு ரிப்பேர் ஆயிடுச்சி. இதையும் வயர்லதான் சேத்துக் குடுத்துட்டுப் போனாங்க."

சர்வீஸ்காரருக்கு ஃபோன் போட்டேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். என் கணினியை அணைத்து வயரையும் பிடுங்கச் சொன்னார். பிறகு அக்காவின் கணினியிலிருந்து என் கணினியின் நம்பரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. எங்கள் அலுவலகத்தில் அதைக் கையால் போட்டு வைத்திருந்தார்கள். அவர் சொன்னபடி தட்டினேன். பதில் வந்தது. என் கணினி அணைந்து கிடக்கிறது, வயர் என் கையில் இருக்கிறது, என் நம்பரிலிருந்து பதில் வருகிறது.

"வருது" என்றேன்.

அவர் சிரித்தார். "பிரிண்டர் மாட்டுனவரு காலியா இருக்கிற நம்பர் எதுன்னு பாத்திருப்பாரு மேடம். உங்க சிஸ்டம் மாசக்கணக்கா ஆஃப்ல கெடந்துதா, காலின்னு நெனச்சி அதையே குடுத்துட்டாரு. இப்ப ரெண்டும் அடிச்சிக்குது. உங்களுக்கு வேற நம்பர் போட்டுட்டா ரெண்டு நிமிஷ வேலை."

"பிரிண்டருக்கு மாத்துங்க" என்றேன்.

"அதுக்கு எல்லா சிஸ்டத்துலயும் பிரிண்டர திரும்பச் சேக்கணும் மேடம். நேரம் இழுக்கும்."

"பரவால்ல, சொல்லுங்க, நானே சேக்கிறேன்."

ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தேன் என்று அப்போது தெரியவில்லை. பேச்சைக் கேட்டுச் சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எது சீக்கிரம் ஆவுமோ அதப் பண்ணும்மா. தேதி நெருங்கிக்கினு இருக்குது."

"சார், அது என் நம்பர்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நான் லீவுலதான் இருந்தேன். வேலைய வுட்டு நின்னுடல."

சார் என்னையே பார்த்தார். அக்கா ஸ்டேப்ளரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சரி, பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சார் உள்ளே போனார்.

சர்வீஸ்காரர் சொன்ன மாதிரியே நேரம் இழுத்தது. அவர் ஃபோனில் சொல்லச் சொல்ல, பிரிண்டரின் சின்னத் திரையில் புது நம்பரைப் போட்டேன். பிறகு அக்காவின் கணினி, சாரின் கணினி, கடைசியாக என்னுடையது. சாரின் கணினியில் சேர்க்கும்போது அவர் எழுந்து நாற்காலியைத் தந்துவிட்டு நின்றுகொண்டே ஃபோன் பேசினார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தாள் அடித்துப் பார்த்தோம். அன்று சாயங்காலம் வரை என் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. பிரிண்ட் நடுவில் நின்றுபோவதாக அக்கா அடிக்கடி அலுத்துக்கொள்வார். அதுவும் நின்றது.

மதியத்துக்கு மேல் நானே என்ட்ரிக்கு உட்கார்ந்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வல்லத்து மில்காரர் கணக்கை முடித்து ரிட்டர்ன் போட்டபோது ஓடிபி அவர் ஃபோனுக்குப் போனது. அவர் எடுக்கவில்லை. மில் ஓடும் சத்தத்தில் மணி கேட்டிருக்காது. நான் ஒரு ஃபோனிலும் அக்கா ஒரு ஃபோனிலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டோம்.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார். "எனக்குச் சின்னது பொறந்து மூணாம் மாசமே வந்து உக்காந்துட்டேன். வேற ஆள் வெச்சிடுவாங்கன்னு பயம். உன்னாட்டம் என் எடம்னு கேக்கலாம்னுகூட எனக்குத் தோணல."

நான் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் வைத்தேன். அதற்குள் மில்காரர் எடுத்துவிட்டார். "கண்ணாடி இல்லம்மா, இரு, பையன படிக்கச் சொல்றேன்" என்றார். பையன் நம்பரைப் படித்தான். போட்டேன். காலம் கடந்துவிட்டது, வேறு ஓடிபி வாங்கு என்று திரையில் வந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மறுபடி அனுப்பினேன். அந்த முறை ஏறிவிட்டது.