சாரல் வராத வருஷத்துக் கணக்கு

போன வாரம் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பத்தாம் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கில் மார்க் குறைய என்ன காரணம் என்று பேச்சு வந்தது. செல்போன் என்றார் ஒருவர். ராத்திரித் தூக்கம் போதவில்லை என்றார் இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் தென்காசியில் படித்த காலத்தில் காரணம் குற்றாலத்துச் சாரல்தான்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். பள்ளி திறக்கிற ஜூனில்தான் சீசனும் தொடங்கும். என் பெஞ்சுக்காரி இசக்கியின் அப்பா அருவிக்குப் போகும் பாதையில் பழக்கடை வைத்திருந்தார். தண்ணீர் விழத் தொடங்கினால் அவள் கடைக்குப் போய்விடுவாள். ஆகஸ்டு கடைசியில் திரும்பி வரும்போது விரலெல்லாம் மங்குஸ்தான் கறை, பக்கத்து மசாஜ் கடை எண்ணெயின் வாசனை. அதற்குள் பாதிப் பாடம் ஓடியிருக்கும். இன்றும் அந்த எண்ணெய் வாசனை அடித்தால் எனக்கு இருபடிச் சமன்பாடுதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்ய!

பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே அவள் அப்பா சொல்லிவிட்டார். "கணக்குல போச்சுன்னா பேசாம கடையில வந்து உக்காந்துரு, ட்டி." கோபமில்லாமல் சொன்னார். அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

அந்த வருஷம் சாரலே இல்லை. ஊரே மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. இசக்கி மட்டும் ஒரு வகுப்பு விடாமல் வந்தாள். மலைமேல் மேகம் கூடினால் முகம் வாடிவிடும். "ஏட்டி, இன்னைக்குப் பெய்யாதுல்லா?" என்று என்னைக் கேட்பாள், மேகத்தை நான்தான் மேய்ப்பதுபோல. அருவிக் குளியலுக்கு உயிரை விடுகிற நானும் அவளுக்காக மழை வேண்டாமென்று சாமி கும்பிட்டேன். சிநேகிதம் என்றால் சும்மாவா? ஆனால் அங்கே அவள் அப்பா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அதை நினைத்து அவளுக்கு மத்தியானச் சோறு இறங்காது. எனக்கும் பாவமாக இருக்கும்.

கணக்கில் பாஸாகிவிட்டாள். அவள் அப்பாவிடம் சொல்ல இருவரும் கடைக்கு ஓடினோம். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"போன சீசன்ல எனக்கு ஆன ஒரே யாவாரம் இதுதான், ட்டி."

அடுத்த ஜூனில் சாரல் கொட்டியது. கடையில் அவர் ஒற்றையாளாக நின்றார். இசக்கி பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தாள்.

இப்போது அந்தக் கடை வரிசை இல்லை, அவரும் இல்லை. இசக்கி கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் இருக்கிறாள். சீசன் வந்தால், இன்னும் தென்காசியிலேயே இருக்கும் எனக்குப் போன் செய்வாள். இந்த வருஷமும் கேட்டாள்.

"அருவியில தண்ணி விழுதா, ட்டி?"

"நல்லா விழுது."



"அப்பாவுக்கு நல்ல யாவாரமா இருந்திருக்கும்," என்றாள்.