மாத்தளைக் கோயிலில் என் ஞானஸ்நானப் பதிவைத் தேடிய நாள்

சென்ற வருடம் வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு சத்திரசிகிச்சைக்காக ஐந்து நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு நற்கருணை அப்பம் கொடுக்க ஒரு பாதர் வந்தார். கொடுத்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, "நீங்களும் கத்தோலிக்கரா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். உபதேசியாரின் மகளாக வளர்ந்து, மாதா பாட்டு அத்தனையும் மனப்பாடமாகத் தெரிந்தவள் சொன்ன பதில் அது. அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். தையல் பிரித்த பிறகும் அந்தச் சொல் வலித்துக்கொண்டிருந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடங்களுக்கு முன் கருணாகரனைப் பதிவுத் திருமணம் செய்தேன். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். நீர்ப்பாசன வேலையாகக் கலேவெலவுக்கு வந்தவர். நான் அப்போது அங்கே ஒரு வங்கியில் இருந்தேன். என் அப்பா மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் உபதேசியார். பாதர் வராத ஞாயிறுகளில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தவர். "இனிமே கோயில் வாசல மிதிக்காத" என்றார். கோபத்தில், அதைத் திருச்சபையே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே தவறிவிட்டார். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. சமாதானம் பேச யாரும் மிச்சமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஞாயிறு பூசைக்குப் போகத் தொடங்கினேன். கணவர்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். எங்கள் வவுனியாக் கோயிலின் பங்குத்தந்தை விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். திருமணம் கோயிலில் நடக்காததால் நான் நற்கருணை வாங்க முடியாது. ஆனால் அதை ஒழுங்குபடுத்தலாம். கணவர் மதம் மாறத் தேவையில்லை. ஆயரின் அனுமதி வேண்டும், கணவர் கோயிலில் வந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் என் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், அதுவும் புதிதாக எடுத்தது. ஞானஸ்நானம் பெற்ற கோயிலில்தான் அது கிடைக்கும். இதே காரியமாக மாத்தளைக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கோயிலில் வந்து நிற்க மாட்டேன் என்றுவிடுவாரோ என்ற பயத்தில் நான் கணவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதி பிழை, அதைத் திருத்த ஞானஸ்நானப் பத்திரம் வேண்டும் என்றேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது வழக்கமான தலையிடி என்பதால் அவர் உடனே நம்பினார். அரசாங்க உத்தியோகத்தரல்லவா? அடையாள அட்டை, திருமணப் பதிவு, எல்லாவற்றிலும் மூன்று பிரதிகள் எடுத்து ஒரு நீலக் கோப்பில் அடுக்கி, தானும் லீவு போட்டுக் கிளம்பிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அந்தச் சோற்றையே அவருக்குப் பரிமாறிய கதைதான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை 5.15க்கு வவுனியாவில் கண்டி பஸ் ஏறினோம். மாத்தளைக்கு ஏறக்குறைய 155 கிலோமீற்றர். ஒருவருக்கு 620 ரூபாய். தம்புள்ளையில் 7.55க்குத் தேநீருக்கு நிறுத்தினார்கள். அங்கே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் கடலை வடையைக் கடித்துக்கொண்டு, திகதி திருத்த எந்த மேசைக்கு முதலில் போவது என்று விளக்கினார். சரி, நாலந்தாவில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நாலந்தா வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அங்கிருந்து பஸ் மலை ஏறத் தொடங்கும். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் இருப்பது நல்லது. 9.40க்கு மாத்தளையில் இறங்கும்போதும் என் வாயில் கொழுக்கட்டைதான்.

பஸ் நிலையத்திலிருந்து கோயில் பத்து நிமிட நடை. அலுவலகம் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் நான் சொன்ன மாதத்தைத் திறந்து இரண்டு முறை விரலை ஓட்டினார். என் பெயர் இல்லை. "தோட்டத்துப் புள்ளைங்கள சில நேரம் லேட்டா கொண்டாருவாங்க. இருங்க, முன்ன பின்ன பாக்குறேன்" என்றார்.

அப்போதுதான் பங்கின் பாதர் உள்ளே வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. என் கணவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "திருமணத்த ஒழுங்குபடுத்தத்தானே? உங்க பங்குத்தந்தை போன்ல சொன்னாரு. ஐயாவும் கூட வந்தது ரொம்ப நல்லது. நெறைய பேரு வர மாட்டாங்க."

கணவர் மடியில் நீலக் கோப்போடு நிமிர்ந்தார். "எந்தக் கலியாணம், பாதர்?"

பாதர் என்னைப் பார்த்தார். அக்கா பதிவேட்டுக்குள் குனிந்துகொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நம்முடைய கலியாணம் என்றேன். அது கோயிலில் நடக்காததால் எனக்கு இத்தனை வருடமும் நற்கருணை இல்லை என்றேன். அவர் கோப்பை மெதுவாக மூடி, ரப்பர் பட்டியைப் போட்டார். பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது உண்டு. இப்படிக் கோப்பை மூடி வைத்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"இந்தா இருக்கு" என்றார் அக்கா. நான் சொன்ன திகதிக்கு மூன்று மாதம் பிந்தி என் பெயர் இருந்தது. ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் எழுதும் இடத்தில் பாதர் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பாதர் தமிழில் வாசித்தார். "சாகும் ஆபத்தில், தோட்டத்து டிஸ்பென்சரியில், மருத்துவச்சி அங்கம்மா கொடுத்தது. மற்றச் சடங்குகள் கோயிலில் பிற்பாடு நிறைவேற்றப்பட்டன."

இது எனக்குப் புதிய செய்தி. வீட்டில் யாரும் சொன்னதில்லை. "அந்த அம்மா கத்தோலிக்கரா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, இந்து" என்றார் அக்கா. "எனக்குத் தெரியும். இப்போ உக்குவளையில மகன் வீட்டுல இருக்காங்க."

நான் பதறிவிட்டேன். அப்படியானால் அது செல்லாதா என்று கேட்டேன். பாதர் சிரித்தார். "சாகக் கெடக்குற புள்ளைக்கு யாரும் குடுக்கலாம்மா. தண்ணியும், அந்த வார்த்தையும், திருச்சபை செய்யறதச் செய்யணும்ங்கிற எண்ணமும் போதும். அந்தம்மா ஊத்துன தண்ணியாலதான் நீங்க இன்னைக்குக் கத்தோலிக்கர்."

சான்றிதழை எழுதி முத்திரை வைக்க மூன்று மணியாகும், பாதரிடமே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். வெளியே வந்ததும் கணவர் முதன்முதலாக வாய் திறந்தார். "உக்குவளைக்குப் போவம். அந்த மனுசியைப் பாக்கோணும்."

உக்குவளை ஆறு கிலோமீற்றர். ஆட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. பாதி வழியில் கணவர் தெருவைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப, நான்தான் உம்மட பாவமோ?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அவர் இருந்ததால் நான் 'இல்லை' என்று சொல்லவில்லை என எழுதினால் அதுவும் பொய். உண்மையில் இத்தனை வருடமும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். நற்கருணை நினைவு வரும்போதெல்லாம், சமையலறையிலோ அலுவலகத்திலோ, இவரால்தானே என்ற ஒரு கசப்பும் கூடவே வரும். அந்தக் கசப்போடுதான் அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

அங்கம்மாவின் மகன் வீடு ரயில் நிலையத்துக்குக் கிட்ட. அங்கம்மா முழங்கால் வலியோடு கதிரையில் உட்கார்ந்து டிவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். உபதேசியார் மகள் என்றதும் டிவியை நிறுத்தினார்.

"ஸ்டெல்லாவா? ஐயோ புள்ள! எட்டு மாசத்துல பொறந்து, நீலம் பாரிச்சுக் கெடந்தியே! சாமியார கூப்பிட நேரமில்ல. ஒங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டு, 'அக்கா, தண்ணி ஊத்துங்க, தண்ணி ஊத்துங்க'ன்னு அழுதுச்சு."

"உங்களுக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும்?"

"அப்போ இருந்த சாமியாரு டிஸ்பென்சரிக்கு வந்து எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருந்தாரு. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒரு சொல் பிசகாமல் சொன்னார். "ஏழு புள்ளைக்கு ஊத்திருக்கேன். அதுல பொழச்சது நீ ஒருத்திதான்."

கணவர் முன்னால் குனிந்து கேட்டார். "அம்மா, நீங்கள் எங்கட சமயம். அதைச் சொல்ல உங்களுக்கு ஒண்டும் தோணேல்லையோ?"

அங்கம்மா அவரை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன தோணணும் தம்பி? புள்ள சாகுது. பெத்தவ கேக்குறா. செய்ய வேணாமா?"

தேநீர் வந்தது. அவர் என் கணவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எனக்கு ஒரு சேல கொண்டாந்து குடுப்பாரு" என்றார். "நீ கல்யாணம் கட்டிப் போன வருசமும் வந்தாரு. 'மக கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரலியா'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஒக்காந்திருந்துட்டு, குடுத்த டீயக்கூட குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு."

நான் அழுதேன். அப்பா மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு இந்துப் பெண்ணுக்கு வருடம் தவறாமல் நன்றி சொல்லத் தெரிந்த மனிதருக்கு, ஒரு இந்து மருமகனை வாசலில் வைத்தாவது ஒரு முறை பார்க்கத் தெரியவில்லை. நானும் ஒரு தடவை போய் நின்றிருக்கலாம். போகவில்லை. விடைபெறும்போது அங்கம்மாவின் காலைத் தொட்டேன். என் கணவரும் தொட்டார்.

மூன்று மணிக்குக் கோயிலில் சான்றிதழ் தயாராக இருந்தது. கட்டணம் கேட்கவில்லை, காணிக்கைப் பெட்டியில் போட்டோம். நான் பாதரிடம் தனியாக, இப்போதே பாவசங்கீர்த்தனம் செய்து பாவங்களைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். கண்கள் இன்னும் காயவில்லை. "திருமண ஆசீர்வாதத்துக்கு முன்னாடி உங்க பங்குல செய்யுங்கம்மா. இப்போ நீங்க பேச வேண்டியது என்கிட்ட இல்ல" என்று கடைசி வரிசை வாங்கைக் காட்டினார். அங்கே என் கணவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போய் அமர்ந்தேன். "நீங்க என் பாவம் இல்லைங்க" என்றேன். "உங்ககிட்ட ஒரு தடவகூட கேக்காம, நீங்க மாட்டேன்னு சொன்ன மாதிரியே பதினாறு வருசம் மனசுக்குள்ள உங்கள திட்டிக்கிட்டு இருந்தேன் பாருங்க, அதுதான் பாவம்."

"நான் மாட்டன் எண்டு சொன்னனானோ?"

"இல்லைங்க."

"நீர் கேட்டனீரோ?"

"இல்ல."

அவர் பீடத்திலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார். "அப்ப இப்ப கேளும்."

கேட்டேன். கோயிலில் வந்து நின்று சம்மதம் சொல்வீர்களா என்று. "ஓம்" என்றார். பிறகு நீலக் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, "என்னென்ன பேப்பர் வேணுமெண்டு சொல்லும், எழுதுவம்" என்றார்.

அன்று மாத்தளையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினோம், 4,500 ரூபாய். மறுநாள் காலை 6.30 பஸ்ஸில் திரும்பினோம். அவர் எழுதிய பட்டியலிலிருந்தே உங்களுக்கும் சொல்கிறேன். போகுமுன் கோயில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பாதர் தோட்டப் பூசைக்குப் போகும் நாட்களில் முத்திரை வைக்க ஆளிருக்காது. பெற்றோரின் முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், அதன் டிவிஷன் ஆகியவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். வீட்டில் சொல்லும் திகதியை மட்டும் நம்பாதீர்கள். ஆறு மாதம் முன்னும் பின்னும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சான்றிதழை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்துங்கள், பழசானால் மறுபடி அலைய வேண்டும். ஆயரின் அனுமதிக்கு எங்களுக்கு நான்கு வாரம் பிடித்தது.

கணவரையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால், பஸ் ஏறுமுன் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். தம்புள்ளையில் சொல்லலாம், நாலந்தாவில் சொல்லலாம் என்று வைத்திருந்தால் மலையில் ஏறிய பிறகு வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். பயந்து பயந்து மறைத்ததற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தடையும் இல்லை என்று பிறகு தெரியும்போது வரும் வெட்கம் பெரியது. பாவசங்கீர்த்தனத்தில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அதைச் சொல்லத்தான்.

சென்ற சனிக்கிழமை எங்கள் பங்குக் கோயிலில், இரண்டு சாட்சிகளோடு, இருபது நிமிடத்தில் ஆசீர்வாதம் முடிந்தது. மறுநாள் ஞாயிறு பூசைக்கு அவரும் உள்ளே வந்தார். நற்கருணை நேரத்தில் நான் எழுந்து வரிசையில் போனேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தால், எங்கள் வாங்கில் எல்லோரும் முழங்காலில் இருக்க, அவர் ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றுகொண்டிருந்தார். நான் வந்து முழங்காலிட்ட பிறகுதான் உட்கார்ந்தார். இந்த இடத்தில் நிற்கத் தேவையில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். வீட்டுக்கு வந்ததும் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன்.

"பதினாறு வருசமாப் போகாத இடத்துக்கு நீர் போறீர்" என்றார். "நான் வாங்கில இருந்துகொண்டே பாக்கிறதோ?"