ஈக்காகப் போடும் ஃபேன்

நானும் என் மனைவியும் வீட்டுக்குள் பேசிக்கொண்ட பேச்சு, எங்கள் மகளின் எட்டாம் வகுப்பு ஸ்மார்ட் போர்டில் எழுத்து எழுத்தாக ஓடியது. தெரிந்தவர்கள் பலர் இதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து, கொஞ்சம் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியும் இருக்கிறேன். அப்படிச் சிரிக்கும்போது சொல்லாமல் விட்ட பகுதிதான் என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் நான் சூப்பர்வைசர். பண்ணைக்குள்ளேயே குடியிருக்க வீடு கொடுத்திருக்கிறார்கள். கடைசி ஷெட்டுக்கும் எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருக்கின்றன. வாடை எங்களுக்குப் பழகிவிட்டது, ஈதான் பழகவில்லை. மழை பெய்து எரு நனைந்துவிட்டால் சோற்றுத் தட்டை ஒரு கையால் விசிறிக்கொண்டேதான் மறு கையால் சாப்பிட வேண்டும். மருந்து அடிப்போம், சுண்ணாம்பு தூவுவோம், நாலு நாள் அடங்கியிருந்துவிட்டு மறுபடி வந்துவிடும்.

மகளை நாமக்கல்லில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்திருக்கிறோம். வேன் வந்து கூட்டிக்கொண்டு போகும். பெற்றோர் கூட்டம் என்றால் நான் இரண்டு தடவை குளிப்பேன். சட்டையைப் பண்ணைக் கொடியில் காயப்போடாமல் வீட்டுக்குள்ளேயே உலர்த்தி, பவுடர் போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு போவேன். அங்கே வருகிறவர்களில் டாக்டர் உண்டு, துணிக்கடைக்காரர் உண்டு, போர் போடும் ரிக் வண்டிகளை வெளிமாநிலத்துக்கு அனுப்பிவைத்திருக்கும் ஒருவரும் உண்டு. அந்த ரிக்குக்காரர் ஒருமுறை எங்கள் பண்ணையில் எத்தனை கோழி என்று கேட்டார். முப்பதாயிரம் என்றேன். அப்படியானால் நீங்கள் பெரிய ஆள்தான் என்று என் தோளில் தட்டினார். பண்ணை என்னுடையது இல்லை என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு விநாடி போதும். நான் சிரித்துவைத்தேன். அதற்குப் பிறகு முட்டை விலை ஏறும் நாளில் எல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது என்னைக் கிண்டல் செய்வார்கள். நான் கும்பிடு போடும் படம் ஒன்றை அனுப்பிவிடுவேன்.

இன்னொரு பெருமையும் எனக்கு உண்டு. தமிழ் நன்றாக எழுதுவேன் என்று எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் பெயர். கல்யாணம், சீர், கடைத் திறப்பு எதுவானாலும் ஃபிளெக்ஸில் போட வாசகம் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். 'பாசமலர்', 'குலவிளக்கு' என்று நான் எழுதிக்கொடுத்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ மின்கம்பங்களில் தொங்கிக் கிழிந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் வேறு யாராவது தண்ணீர் குடித்தால் எனக்குக் கோபம் வரும்.

மகளின் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் ஆசிரியை சின்ன வயதுக்காரர். நான்கு நான்கு பிள்ளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் இணையத்தில் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தார். தலைப்பு, 'நாங்கள் வாழும் இடம்'. பள்ளியில் கம்ப்யூட்டர் அறையில் எழுதுவார்கள், மீதியை வீட்டில் அப்பா அம்மா போனில் எழுதுவார்கள். மகள் சாயங்காலம் என் போனை வாங்கிக்கொண்டு போய் சமையலறையில் உட்கார்ந்து எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ரிக்குக்காரரின் மகளும் அந்தக் குழுவில்தான் இருந்தாள். பரீட்சை லீவில் மூன்று பேரையும் கோழிக்குஞ்சு பார்க்க வீட்டுக்குக் கூட்டிவருகிறேன் என்று மகள் என்னை நச்சரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்றைக்குக் காலையில் தீவன வண்டியை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, டீ வரும்வரை என்ன செய்வது என்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வரிகளுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு நின்றிருந்தது. அதன் தலையில் ஆசிரியையின் பெயர் இருந்தது. திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். ரிக்குக்காரரின் மகள் அவர்கள் மாடிவீட்டைப் பற்றியும் மொட்டைமாடியிலிருந்து தெரியும் கோட்டையைப் பற்றியும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே என் மகள் எழுதியிருந்தது இது:

"எங்கள் வீடு கோழிப் பண்ணைக்குள் இருக்கிறது. பண்ணை எங்களுடையது அல்ல, அப்பா அங்கே சூப்பர்வைசர். காலையில் கோழிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும்போது அம்மா கூப்பிடுவது கேட்காது. எங்கள் வீட்டில் ஈ அதிகம். யார் வந்தாலும் அம்மா முதலில் ஃபேனைப் போடுவார். காற்றுக்காக அல்ல, ஈக்காக. நீங்களும் வாருங்கள். ஃபேன் போடுகிறோம்."

நல்ல எழுத்து என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இரண்டாவது வரியைப் படித்ததுமே ரிக்குக்காரரின் முகம்தான் கண்முன் வந்தது. இதை ஆசிரியைக்கு அனுப்புவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பில் எழுதுவது போல, அனுப்பு என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கினால்தான் போகும் என்பது என் எண்ணம். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பட்டன் கிடையாது என்பதும், விரல் பட்ட அந்த நொடியிலேயே எல்லோருக்கும் தெரியும் என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

முதலில் ஈயை அழித்தேன். பிறகு ஃபேனை அழித்தேன். நீங்களும் வாருங்கள் என்பதையும் அழித்தேன். மேலே போய்ச் சூப்பர்வைசரை அழித்தேன். எனக்கு டைப் அடிக்க வராது. போனில் மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். ஃபிளெக்ஸ் வாசகங்களை அப்படித்தான் அனுப்புவேன். மைக்கைத் தொட்டுவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இயற்கை அன்னையின் எழில்மடியில், தென்றல் தாலாட்டும் பசுஞ்சோலை நடுவே எமது இல்லம் அமைந்துள்ளது என்று ஆரம்பித்தேன்.

என் மனைவி டீயோடு வந்தவள், நான் யாரிடம் மேடைப்பேச்சு பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, "புள்ள உள்ளதத்தானுங்க எழுதியிருக்குது. அத எதுக்குங்க அழிக்கறீங்க?" என்றாள்.

எனக்குச் சுரீரென்று வந்துவிட்டது. "உள்ளதுன்னா ஊரக் கூட்டிச் சொல்லோணுமா? அந்த ரிக்குக்காரரு நம்ம பண்ணைன்னு நெனச்சுட்டு இருக்கறாரு. இந்த நாத்தம் புடிச்ச ஊட்டுக்கு எவனாச்சும் வருவானா? அவங்க புள்ளைங்களக் கூட்டியாந்து இந்த ஈக்குள்ளயா சோறு போடறது? எனக்கு மானம் போயிரும்."

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பள்ளிக்கூட நம்பர். மகளுக்குக் காய்ச்சலோ என்று பதறிப்போய் எடுத்தேன். தமிழ் ஆசிரியைதான் பேசினார், குரலை ரொம்பத் தாழ்த்தியிருந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க ஊட்டுல பேசினதெல்லாம் இங்க கிளாஸ் போர்டுல வந்துருச்சுங்க. அந்த மைக்க மட்டும் நிறுத்திருங்க சார்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என் தென்றலுக்கும் பசுஞ்சோலைக்கும் கீழே, மனைவி கேட்டதும் நான் சொன்னதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஊடு என்று நான் சொன்னதை மட்டும் அது வீடு என்று திருத்தி எழுதியிருந்தது. மற்ற எதையும் திருத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆசிரியையின் பெயர் போட்ட அந்தச் சிவப்புக் கோடு ஓடிவந்து அத்தனையையும் அழித்தது.

வகுப்பில் நடந்ததை ஆசிரியை பிறகு சொன்னார். அன்றைக்கு ஒவ்வொரு குழுவும் எழுதியதைப் போர்டில் போட்டு வாசிக்கும் நாள். என் மகள் போர்டுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரியை வாசித்து முடிக்கும்போது கீழே உள்ள வரிகள் காணாமல் போக ஆரம்பித்தன. அவள் ஏதோ வித்தை காட்டுகிறாள் என்று பிள்ளைகள் கைதட்டியிருக்கிறார்கள். தென்றல் வந்தபோது பாடம் ஒப்பிப்பது மாதிரி எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசித்தார்கள். எழுதும் கோட்டின் தலையில் என் பெயர் இருந்தது. மனைவியின் பேச்சு வந்தபோது சிரித்து உருண்டார்கள். ஆசிரியை கடைசி பெஞ்சில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர், முன்னால் ஓடிவந்து போர்டை அணைப்பதற்குள் என் பேச்சும் வந்துவிட்டது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னார். சிரித்திருக்கலாம்.

சாயங்காலம் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுக்கு வெளியே மற்ற அப்பாக்களோடு நிற்க முடியாமல், எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். மகள் வந்து ஏறினாள். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை பேசிக்கொண்டே வருவாள். அன்றைக்குப் பையை மடியில் வைத்து அதைப் பிடித்துக்கொண்டாள். ஊரைத் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது தெரியாமல் போச்சு சாமி என்றேன். ரிக்குக்காரர் மகள் ஏதாவது சொன்னாளா என்றும் கேட்டேன், அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

பண்ணை நம்முடையது இல்லை என்பது அவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும் என்றாள் மகள். சேர்ந்த முதல் நாளே இவள் சொல்லிவிட்டாளாம், அவள் அப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கும் என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

"உங்களுக்கு நம்ம ஊடு வெக்கமா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்கப்பா."

நான் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருப்பதுபோல இருந்துகொண்டேன். எங்கள் வீட்டை நினைத்து வெட்கப்பட வேண்டும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், அதுவும் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

முன்பு இருந்த எழுத்தை அந்தப் பக்கத்தில் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடலாமாம். ஆசிரியை அன்றைக்கே அதைச் செய்துவிட்டு, இனிமேல் பெற்றோர்கள் போனில் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது, பிள்ளைகள் மீதியைப் பள்ளியிலேயே எழுதுவார்கள் என்று குரூப்பில் போட்டார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரிக்குக்காரர் எப்போதும்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மழைக்குக் கோழிக்கு ஒன்றும் சீக்கு இல்லையே என்று விசாரித்தார். அவர் முறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கட்டுரைக்கு மார்க் போட்டுவிட்டார்கள் என்று மகள் சொன்ன அன்றைக்கு மறுபடி திறந்து பார்த்தேன். என் தென்றல் போய்விட்டிருந்தது. மகள் எழுதியது திரும்பி வந்திருந்தது. வீடு பண்ணைக்குள் இருந்தது, அப்பா சூப்பர்வைசராக இருந்தார், கோழிகள் ஒன்றாகக் கத்தின, அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. அதோடு முடிந்துவிட்டது. ஈ இல்லை, ஃபேன் இல்லை, நீங்களும் வாருங்கள் என்பது இல்லை.

ஆசிரியை எடுக்கச் சொன்னாரா என்று மகளைக் கேட்டேன். இல்லை, நானேதான் எடுத்தேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்குச் சும்மாதான் என்று சொல்லிவிட்டுப் பாவாடையைத் துவைக்கப் போய்விட்டாள். அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். திருப்பி எழுதிவைத்துவிடலாம் என்று அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தேன். படிக்கத்தான் முடிந்தது.

பரீட்சை லீவு வந்தது. தோழிகளைக் கூட்டிக்கொண்டு வா சாமி, குஞ்சு இறக்கியிருக்கிறோம் என்று நானாகவே சொன்னேன். இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். நான் சொல்லும் அதே மாதிரிதான் சொன்னாள். அந்த லீவில் என் மச்சான் குடும்பத்தோடு வந்தார். அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே மனைவி எப்போதும்போல ஃபேனைப் போடப் போனாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.