சைக்கிளுக்குத் தேங்காய் எண்ணெய்

கோகிலவாணிக்கு அந்த சைக்கிள் மகள் வழியாக வந்த சொத்து. சுபஸ்ரீக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய வயதில் அம்மா அதில் ஏறி, ஏரிக்கரையில் முட்டி தேய விழுந்து, ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்! கல்வராயன் மலை அடிவாரத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைப்பது அவளும் பெரியம்மாளும்தான். சமையலறைச் சாவி கோகிலவாணியின் இடுப்பில் இருக்கிறது. அவள் போய்த் திறந்தால்தான் அடுப்பு எரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சைக்கிள் சேறு அப்பி, செயின் துருவேறி, மிதிக்கும்போதெல்லாம் முனகியது. மார்கழிப் பனியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதைத் தலைகீழாக நிறுத்தி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா, குளிப்பாட்டி பொட்டு வெக்கப் போறியா?” என்று கேட்டான் அவள் புருஷன் இளவரசன்.

“வெப்பேன். தெனம் பனியில நீ வந்து கொண்டு வுடுவியா?”

அவள் செயினையும் பின்சக்கரத்துப் பல்வட்டத்தையும் கறுப்பு மை போகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாள். எண்ணெய் விடப் பார்த்தால் மிஷின் எண்ணெய் டப்பா காலி. கடையும் லீவு. வீட்டில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் இருந்தது. தலைக்கு வைக்கிற எண்ணெயைவிட நல்ல எண்ணெய் உலகத்தில் உண்டா? செயினிலும் பல்வட்டத்துக்குள்ளும் தாராளமாக ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். சத்தமே இல்லை. அன்று முழுக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே இளவரசன் கரும்பு டிராக்டரில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போய்விட்டான். கோகிலவாணி வழக்கம்போல, வெள்ளையாக இறுகிக் கிடந்த எண்ணெய்ப் பாட்டிலை அடுப்போரம் வைத்து இளக்கி, தலைக்குத் தடவிப் பின்னிக்கொண்டாள். அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வீட்டுக்குள் அடுப்போரம் கதகதப்பாக நின்றிருந்த சைக்கிள் முதலில் நன்றாகத்தான் போனது. பனி முகத்தில் அடித்தது. மலை இருந்த இடமே தெரியவில்லை. ஓடை இறக்கத்தில் மிதிக்காமல் உருட்டிவிட்டாள். இறங்கி முடிந்து மிதித்தால், பெடல் சும்மா சுற்றியது. செயின் ஓடுகிறது, சக்கரம் ஓடவில்லை. இறங்கித் தள்ள ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் இன்னும் தொலைவு. இடுப்பில் சாவி உறுத்தியது. பூட்டிய கதவுக்கு முன்னால் வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

ரோட்டோரம் கரும்பு வெட்டுகிறவர்கள் காய்ந்த கரும்புச் சோகையைக் கொளுத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி சாலம்மாள். அவள் மகள் தனுஷா அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு.

“இன்னா கோகிலா, தள்ளிக்கினு போற?”

“சக்கரம் புடிக்கலக்கா. நேத்துதான் கழுவி எண்ணெ வுட்டேன்.”

சாலம்மாள் பதறி எழுந்து வந்தாள். “ஐயோ, நான் வூட்டுல அடுப்பே மூட்டலடி. நீ ஆக்கிப் போடுவன்னுதான் அவள அப்பிடியே வுட்டுட்டு வந்தேன்.” குனிந்து பல்வட்டத்தைத் தொட்டாள். “இது இன்னா வெள்ளையா?”

கோகிலவாணி விரலால் வழித்து மோந்து பார்த்தாள். காலையில் அடுப்போரம் வைத்த பாட்டில் கண்முன் வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். “தேங்கா எண்ணெக்கா! பனியில ஒறஞ்சிப் போச்சி!”

குளிர் காய்ந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாலம்மாள் சிரிக்கவில்லை. ஓர் உடைந்த ஓட்டுச் சில்லில் நெருப்புக் கங்குகளை அள்ளி, டயரில் படாமல் பல்வட்டத்துக்கு அடியில் பிடித்தாள். கோகிலவாணி பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். தேங்காய் வறுக்கிற வாசனை வந்தது. சொட்டுச் சொட்டாக எண்ணெய் இளகி வழிந்தது. உள்ளே ஒட்டிக் கிடந்த பல் விடுபட்டு ‘டிக்’ என்று ஒரு சத்தம். சக்கரம் சுற்றியது.

“போடி, நிக்காத!”

அதற்குப் பிறகு அவள் ஓர் இடத்தில்கூடக் காலைச் சும்மா வைக்கவில்லை. எண்ணெய் மறுபடி உறைந்து ஒட்டிக்கொள்ளாதபடி இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே போனாள். பெரியம்மாள் பள்ளிக்கூட வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். அன்றைக்குக் கிச்சடியில் காய் கொஞ்சம் பெரிய துண்டாகத்தான் விழுந்தது. ஆனால் மணி அடிப்பதற்குள் எல்லாத் தட்டிலும் ஆவி பறந்தது.

திரும்பி வரும்போது நல்ல வெயில். காலையில் ஒன்றுமே நடக்காததுபோல சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்கு அதன்மேல் கோபம்கூட வந்தது. கரும்புக்குள்ளிருந்து சாலம்மாள் கொடுவாளோடு நிமிர்ந்தாள்.

“சாப்ட்டாளா?”

“ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கிச் சாப்ட்டாக்கா.”

சாலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து அடுத்த கரும்பை வெட்டினாள்.